சம்மதமும் இன்னொரு அறையும்

1

ஒரு கிளப்பைத் தொடங்குவது தார்மீகக் காரியம் ஆகுமா? சீட்டாட்டக் கிளப், டென்னிஸ் கிளப் என்றால் யாரும் இப்படிக் கேட்கப்போவதில்லை. நாலு பேர் சேர்ந்து பொழுதைப் போக்குவதற்குத் தத்துவம் எதற்கு? ஆனால் 1995இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில், முஃபாஸா அலி என்பவர் முன்நிற்க, சில ஆண்கள் கூடித் தொடங்கிய ஒரு கிளப்பைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் எழுகிறது. கிளப்பின் பெயர் ஓனிக்ஸ். மெருகேற்றி மோதிரத்தில் பதிக்கிற ஒரு கருங்கல்லின் பெயர் அது. அதில் சேர்ந்தவர்கள் மூன்று விதத்தில் சிறுபான்மையினர். வெள்ளையரல்லாதவர்கள், பெரும்பாலும் கறுப்பர்கள். ஆண்களை விரும்பும் ஆண்கள். அந்த ஆண்களுக்குள்ளும் 'லெதர்' என்று அழைக்கப்படும் ஒரு தனி வழக்கத்தைச் சேர்ந்தவர்கள்.

லெதர் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களில் ஆண்களை விரும்பிய சிலர் சொந்த ஊருக்குப் போகாமல் பெருநகரங்களில் தங்கிவிட்டார்கள். ராணுவத்தின் தோழமை, கட்டுப்பாடு, சீருடை இவற்றின் நினைவோடு மோட்டார் சைக்கிளும் சேர்ந்து அவர்களிடையே ஒரு பாணி உருவானது. 1953இல் வந்த 'தி வைல்டு ஒன்' படத்தில் மார்லன் பிராண்டோ அணிந்த தோல் ஜாக்கெட் அதற்கு ஊரறிந்த உருவத்தைக் கொடுத்தது. 1954இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 'சாட்டிர்ஸ்' என்ற மோட்டார் சைக்கிள் கிளப் தொடங்கியது. ஆணை விரும்பும் ஆண் என்றால் நளினமானவன், பாதிப் பெண் என்று ஊர் வைத்திருந்த சித்திரத்துக்கு மறுப்பாக முரட்டு ஆணின் சித்திரம் ஒன்றை இவர்கள் தங்களுக்காக வரைந்துகொண்டார்கள். 'டாம் ஆஃப் ஃபின்லாந்து' என்ற புனைபெயரில் ஒரு ஃபின்லாந்து ஓவியர் அதை உண்மையாகவே வரைந்து உலகெங்கும் பரப்பினார்.

இந்தப் பாணிக்குள் ஒரு சடங்கும் உண்டு. ஒருவர் ஆணையிட மற்றவர் பணிவது. கட்டு, சங்கிலி, சாட்டை எல்லாம் உண்டு. முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்ட எல்லைக்குள். நிறுத்து என்று பொருள்படும் ஒரு சொல்லையும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்கிறார்கள். பணிபவர் அதைச் சொன்ன கணத்தில் எல்லாம் நின்றுவிட வேண்டும். இந்த உலகத்தில் ஆண்டான், அடிமை என்ற சொற்கள் சர்வசாதாரணமாகப் புழங்குகின்றன.

சிகாகோ இந்த உலகத்தின் தலைநகரங்களில் ஒன்று. சக் ரென்ஸ்லோ என்பவர் அங்கே நடத்திய 'கோல்டு கோஸ்ட்' மதுக்கூடம் பெயர்பெற்றது. 1979 முதல் ஆண்டுதோறும் நடக்கும் 'இன்டர்நேஷனல் மிஸ்டர் லெதர்' போட்டி அந்த மதுக்கூடத்தின் போட்டியிலிருந்து வளர்ந்ததுதான். 1991இல் இதற்கென்றே ஒரு ஆவணக் காப்பகமும் அருங்காட்சியகமும் ஏற்பட்டன.

சிகாகோ தோலின் நகரம் என்பது இன்னொரு அர்த்தத்திலும் உண்மை. 1865இல் திறந்து 1971இல் மூடிய 'யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ்' என்ற பிரம்மாண்டமான கால்நடைச் சந்தையும் அதைச் சுற்றியிருந்த கசாப்புக்கூடங்களும் அந்த நகரத்தை வளர்த்தன. தெற்கு மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி ரயிலேறி வந்த கறுப்பர்கள் ஆயிரக்கணக்கில் அந்தக் கசாப்புக்கூடங்களில் வேலை செய்தார்கள். நகரத்தின் தெற்குப் பகுதியில் அவர்கள் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். கறுப்பருக்கு வீட்டை விற்கமாட்டோம் என்று வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதி வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்பும் நகரத்தின் பிரிவினை அவ்வளவு லேசில் மாறவில்லை. பின்னாளில் ஆண்களை விரும்பும் ஆண்களின் மதுக்கூடங்கள் நெருக்கமாக அமைந்த தெருக்கள் இருந்தது வடக்கே.

தமிழில் தோல் என்ற ஒரே சொல் மனிதனின் மேனிக்கும் பதனிட்ட மாட்டுத் தோலுக்கும் பொருந்துகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு சொற்கள் இருப்பதால் அங்கே தெரியாமல் போகிற ஒன்று நம் மொழியில் உடனே தெரிகிறது: அணிகிற தோலைக் கழற்றி மாட்டிவிட்டு மறுநாள் அலுவலகத்துக்குப் போகலாம். பிறந்த தோலை அப்படிச் செய்ய முடியாது. தோலைத் தொட்டு வேலை செய்தவனைத் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கிய ஒரு நாட்டில் இருந்துகொண்டு, தோலை அணிவது பெருமையாகிப்போன ஒரு கூட்டத்தைப் பற்றி எழுதுவதில் எனக்குச் சற்றுத் தடுமாற்றம் உண்டு. ஆனால் உரிப்பவன் ஒருவன், அணிபவன் வேறொருவன் என்கிற ஏற்பாடு சிகாகோவிலும் இருந்திருக்கிறது.

2

கறுப்பர்களை வாசலிலேயே நிறுத்துவதற்கு ஒரு முறை இருந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அமெரிக்க நகரங்கள் பலவற்றில், ஆண்களை விரும்பும் ஆண்களுக்கான மதுக்கூடங்களின் வாசலில், வெள்ளைக்காரனிடம் ஒரு அடையாள அட்டை கேட்பார்கள்; அல்லது கேட்கவே மாட்டார்கள். கறுப்பனிடம் படம் ஒட்டிய அட்டைகள் இரண்டு, சில இடங்களில் மூன்று கேட்பார்கள். கறுப்பருக்கு அனுமதி இல்லை என்று எங்கும் எழுதியிருக்காது. 1980இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய 'பிளாக் அண்டு ஒயிட் மென் டுகெதர்' என்ற அமைப்பு பல நகரங்களில் இந்த வழக்கத்தை எதிர்த்துப் போராடியிருக்கிறது.

வாசலில் நடப்பது அநியாயம் என்று சொல்லிவிடுவது எளிது. உள்ளே நடப்பதை அப்படிச் சொல்ல முடிகிறதா? ஒருவன் இன்னொருவனை விரும்பவில்லை என்றால் அதில் குற்றம் என்ன? வேலை, வீடு, வாக்கு இவற்றில் நமக்குரிய பங்கைக் கேட்கலாம். மோகத்தில் இட ஒதுக்கீடு கேட்க முடியுமா? 'உன்னை எனக்குப் பிடிக்கவில்லை' என்பவனிடம், நீ தவறு செய்கிறாய், பிடிக்க வேண்டும் என்று வாதாடினால் அது கேலிக்கூத்தாகும். வற்புறுத்தி வாங்கிய விருப்பம் விருப்பமே இல்லை.

இந்த வாதத்தை நான் சுலபமாகத் தள்ளிவிட விரும்பவில்லை. அதில் உண்மை இருக்கிறது. விருப்பம் சமூகத்தால் உருவாக்கப்பட்டது, ஆகவே சமூகம் அதைத் திருத்தலாம் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம்தான். ஆண்களை விரும்பும் ஆண்களிடம் மருத்துவரும் பாதிரியாரும் போலீஸ்காரரும் சொன்னதும் அதைத்தானே? உன் விருப்பம் தவறு, திருத்திக்கொள்.

ஆனால் கறுப்பு ஆண் அந்த அறைக்குள் சந்தித்தது விருப்பமின்மையை மட்டும் என்று சொல்ல முடியாது. அவனை விரும்பத்தான் செய்தார்கள், அவனுக்கென்று வைத்திருந்த வேடத்தில். மிருக பலம் கொண்ட பேருருவம் ஒரு வேடம். சங்கிலிக்குப் பொருந்தும் உடல் மற்றது. இரண்டு வேடங்களும் எங்கிருந்து வந்தவை என்று அமெரிக்கச் சரித்திரம் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் ஏற்கலாம், மறுக்கலாம். மறுத்தால் அந்த இரவில் அவனுக்கு வேறு வேடம் கிடையாது.

ஓர் அறையில் கறுப்பன் ஒருவனே இருந்தால் அவன் எது செய்தாலும் அது கறுப்பன் செய்த காரியமாகிவிடுகிறது. அவன் வெட்கப்படுகிறவனாக இருக்கலாம், விகடம் பேசுகிறவனாக இருக்கலாம், சாட்டையைவிட பூட்ஸுக்கு மெருகு போடுவதில் ஈடுபாடு உள்ளவனாக இருக்கலாம். இதெல்லாம் தெரிய வருவதற்கு அவனைப்போல இன்னும் நாலு பேர் அங்கே இருக்க வேண்டும். நாலாவது கறுப்பன் உள்ளே வந்த பிறகுதான் முதல் கறுப்பன் ஒரு ஆளாகிறான். அதுவரை அவன் ஒரு குறியீடு. 1984இல் ரான் மூர் என்ற கறுப்பர் இன்டர்நேஷனல் மிஸ்டர் லெதர் போட்டியில் வென்றார். அப்படி வென்ற முதல் கறுப்பர் அவர். அது பெரிய விஷயம்தான். ஆனால் முதல்வர் என்ற பட்டமே அவரை மறுபடியும் தனியாக நிறுத்திப் பார்க்க வைக்கிறது.

அப்படியானால் கறுப்பர்களின் இடங்களுக்குப் போவதுதானே என்று கேட்கலாம். சிகாகோவில் அத்தகைய இடங்கள் இல்லாமல் இல்லை. 1977இல் தொடங்கிய 'வேர்ஹவுஸ்' என்ற நடனக்கூடம் பெரும்பாலும் கறுப்பின, தன்பாலீர்ப்புள்ள இளைஞர்களின் இடமாக இருந்தது. அங்கே ஃபிராங்கி நக்கிள்ஸ் இசைத்தட்டுகளைக் கோத்து வாசித்த முறையிலிருந்துதான் உலகமெங்கும் 'ஹவுஸ்' என்று அழைக்கப்படும் இசை பிறந்தது. ஆனால் சங்கிலியையும் அடிமை என்ற சொல்லையும் கையில் எடுத்துக்கொண்டு போகிற கறுப்பனை மற்றக் கறுப்பர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? பாட்டனுக்குப் பூட்டிய விலங்கைப் பேரன் விளையாட்டுக்குப் பூட்டிக்கொள்கிறான் என்றுதான் தோன்றும். வெள்ளைக்காரர்களின் அறையில் அவன் தோல் ஒரு பிரச்னை. தன்னுடையவர்களின் அறையில் அவன் அணிந்த தோல் ஒரு பிரச்னை.

3

அடிமை என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஆண்டானும் அடிமையும் ஒருவரையொருவர் அங்கீகரிக்கும் போராட்டத்தில்தான் மனிதப் பிரக்ஞை உருவாகிறது என்று 1807இல் ஹெகல் எழுதினார். இதை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் எத்தனையோ கட்டடங்கள் எழுப்பியிருக்கிறார்கள். 1952இல் ஃபிரான்ஸ் ஃபனான் ஒரு நேரடியான ஆட்சேபணையை வைத்தார்: நிஜத்தில் வெள்ளை ஆண்டான் அடிமையிடமிருந்து எதிர்பார்த்தது அங்கீகாரத்தை அல்ல, உழைப்பை. அடிமையின் பிரக்ஞையைப் பற்றி அவனுக்கு அக்கறையே இல்லை. என் மனதில் ஃபனான் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஆனால் அதனாலேயே லெதர் அறையில் நடப்பது நிஜமான அடிமைத்தனத்தின் நகல் இல்லை என்று ஆகிறது. அங்கே பணிபவனின் மனம்தான் எல்லாம். அவன் முகம் சுளிக்கிறதா, மூச்சு மாறுகிறதா என்று ஆண்டானாக நடிப்பவன் கணத்துக்குக் கணம் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். எந்தத் தோட்ட முதலாளியும் இப்படிக் கவனித்ததில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. 1967இல் மசோக் பற்றி எழுதிய நூலில் ஜில் டெல்யூஸ் ஒன்றை அழுத்திச் சொல்கிறார்: மசோக்கின் உலகம் ஒப்பந்தத்தில் நிற்கிறது, பணிய விரும்புகிறவனே ஒப்பந்தத்தை வேண்டுகிறான், வாசகங்களை யோசிக்கிறான். அமெரிக்க அடிமைக்கு ஒப்பந்தம் கிடையாது. அவன் எதையும் விற்க முடியாது, வாங்க முடியாது, வழக்குப் போட முடியாது. அவன் செய்துகொண்ட கல்யாணம்கூடச் சட்டத்தின் கண்ணில் கல்யாணம் இல்லை. அதனால்தான் அடிமைமுறை ஒழிந்ததும் 1866இல் இயற்றப்பட்ட குடிமை உரிமைச் சட்டம் உரிமைகளை வரிசைப்படுத்தும்போது ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமையை முதலில் வைத்தது. ஒரு கறுப்பு ஆண் இன்னொருவரோடு உட்கார்ந்து, 'இன்றிரவு மட்டும், இந்த எல்லை வரைக்கும், இந்தச் சொல்லைச் சொன்னால் நிறுத்திவிட வேண்டும்' என்று பேசுகிறபோது பார்ப்பவர்களுக்கு அடிமைத்தனம் திரும்பி வந்ததாகத் தோன்றலாம். அவன் உபயோகிப்பதோ அடிமைக்கு மறுக்கப்பட்டிருந்த அந்த முதல் உரிமையை.

இங்கேயே நின்றுவிட்டால் அது லெதர்காரர்களின் வழக்கமான சமாதானமாக முடிந்துவிடும். சம்மதம் இருக்கிறது, ஆகவே எல்லாம் சரி. எனக்கு அது போதவில்லை. 1866க்குப் பிறகு தெற்கில் என்ன நடந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். விடுதலையான கறுப்பர்கள் பழைய முதலாளிகளின் நிலத்தையே வாரத்துக்குப் பயிரிட்டார்கள். விதைக்கும் உணவுக்கும் முதலாளியின் கணக்கில் கடன். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் கடன் மிச்சம். இதற்கெல்லாம் ஒப்பந்தம் இருந்தது, கைநாட்டும் இருந்தது. இரு தரப்பும் சம்மதித்தே செய்துகொண்ட ஒப்பந்தம் என்று எந்த நீதிமன்றத்திலும் சொல்லலாம். ஆனால் கைநாட்டு வைத்தவனுக்கு வேறு நிலம் இல்லை.

அந்தச் சம்மதம் எப்போது உண்மையானது? மிசிசிப்பியிலிருந்து சிகாகோவுக்கு 'இல்லினாய் சென்ட்ரல்' ரயில் ஓடுகிறது, அங்கே கசாப்புக்கூடத்தில் கூலி கிடைக்கிறது என்ற செய்தி ஊருக்குள் வந்தபோது. ரயிலேறாமல் ஊரிலேயே இருந்துவிட்டவனுக்கும் அந்தச் செய்தி உதவியது. இனி அவன் இருப்பது அவன் முடிவு. சம்மதத்தை நாம் எப்போதும் இரண்டு பேருக்கு நடுவில் தேடுகிறோம். அவன் கேட்டான், இவன் சரி என்றான், முடிந்தது. ஆனால் அந்தச் 'சரி'க்கு அர்த்தம் கொடுப்பது அந்த இரண்டு பேருக்கும் வெளியே இருக்கிற ஒன்று. போவதற்கு இன்னொரு இடம் உண்டா என்பது.

சிகாகோவில் 1995இல் தொடங்கிய கிளப்பை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன். வடக்குத் தெருவின் மதுக்கூடத்தில் ஒரு வெள்ளை ஆண்டான் சங்கிலியை நீட்டுகிறான். ஒரு கறுப்பு ஆண் சரி என்கிறான். அவன் உண்மையிலேயே விரும்பியும் சரி என்றிருக்கலாம். ஆனால் சங்கிலி நீட்டப்படுகிற இடம் அது ஒன்றுதான் என்கிறவரை, விரும்பித்தான் சொன்னானா என்பது மற்றவர்களுக்கு மட்டுமல்ல, அவனுக்கே தெரிய வழியில்லை. இரண்டாவது அறை ஒன்று திறந்தபோதுதான் அவனுக்கு அது தெரிந்துகொள்ளக் கூடியதாகிறது.

இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. பெரிய பத்திரிகைகளில் இடமே கிடைக்காததால்தான் சிறுபத்திரிகைகள் தோன்றின என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அது பாதி உண்மை. இடம் கிடைத்தது, அவர்கள் கேட்ட மாதிரி எழுதினால். ஓர் எழுத்தாளன் அதற்கு இணங்கினான் என்றால் அது அவனுடைய ருசியா, பலவீனமா, கதியற்ற நிலையா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் இருந்தது. இருநூறு பேர் படிக்கிற ஒரு பத்திரிகை வந்தபிறகு பெரிய பத்திரிகையில் எழுதுவதும் ஒரு முடிவாயிற்று, எழுதாததும் ஒரு முடிவாயிற்று.

4

கடுமையான எதிர்ப்பு ஒன்று இருக்கிறது. அது வெளியிலிருந்து வந்த எதிர்ப்பு அல்ல என்பதால் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 1982இல் அமெரிக்கப் பெண்ணியவாதிகள் சிலர் இத்தகைய சடங்குகளுக்கு எதிராக ஒரு தொகுப்பு நூல் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு முன்னால் இருந்தது பெண்களுக்கிடையே இருந்த இதே வழக்கம். கறுப்பினக் கவிஞர், பெண்களை விரும்பிய பெண், ஆட்ரி லார்ட் அதில் ஒரு பேட்டி தந்திருக்கிறார். படுக்கையில் பழகும் அதிகாரம் படுக்கையோடு நின்றுவிடாது என்பது அவர் வாதத்தின் சாரம். அதே நூலில் ஆலிஸ் வாக்கர் கடித வடிவில் ஒரு கதை எழுதியிருக்கிறார். அடிமைப் பெண்களின் வாழ்க்கையைத் தன் மாணவிகளுக்குப் பெரும் சிரத்தையோடு கற்பிக்கிறாள் ஓர் ஆசிரியை. ஒரு வெள்ளைக்காரி எஜமானியாகவும் ஒரு கறுப்புப் பெண் அவளுடைய அடிமையாகவும் தோன்றும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று வருகிறது. அவள் கற்பித்ததெல்லாம் கரைந்துபோகிறது. இரண்டு பேரின் அந்தரங்கச் சம்மதம் மூன்றாவது ஒருத்தியின் சரித்திரத்தை அவமதிக்க முடியும் என்பதுதான் வாக்கர் சொல்வது.

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இருக்கிற பாதிப் பதில் இதுதான்: வாக்கரைப் புண்படுத்துவது பணிவு என்பது மட்டுமல்ல, பணிகிறவள் எந்த நிறம் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டுவிட்டதுபோல் இருப்பது. அறையில் எல்லோரும் கறுப்பர்கள் என்றால் நிறம் வேடத்தைத் தீர்மானிக்க முடியாது. யார் ஆணையிடுவது, யார் பணிவது என்பதை வேறு எதையாவது வைத்து, குணத்தை வைத்து, வயதை வைத்து, அன்றைய மனநிலையை வைத்துத் தீர்மானித்தாக வேண்டும். வேடம் வேடமாகத் தெரியத் தொடங்குவது அப்போதுதான். ஆனால் லார்டின் கேள்வி இதற்குப் பிறகும் நிற்கிறது. அதிகாரம் நிறம் மாறினால் அதிகாரமாக இல்லாமல் போய்விடுமா? வசதியுள்ளவனும் இல்லாதவனும், பழைய உறுப்பினனும் நேற்று வந்தவனும், கறுப்பிலேயே சற்று வெளிர்நிறம் உள்ளவனும் இல்லாதவனும் அந்த அறையிலும் இருப்பார்கள். கிளப்புக்கு விதிகள் உண்டு, பதவிகள் உண்டு, முதுகில் சின்னம் தைத்த தோல் மேலங்கி உண்டு. மேலங்கியை யாருக்குத் தருவது என்று தீர்மானிக்கிறவன் ஒருவன் எப்போதும் இருப்பான்.

அதைவிடச் சங்கடமான ஒன்று. உண்மையிலேயே வெள்ளை ஆண்டானை விரும்புகிற கறுப்பனைப் பற்றி இந்தப் புதிய அறை என்ன சொல்லும்? அவனுக்குப் புத்தி சொல்லுமா? கோபெனா மெர்சர் என்ற கறுப்பின விமர்சகரின் அனுபவம் இங்கே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ராபர்ட் மேப்பிள்தோர்ப் எடுத்த கறுப்பு ஆண்களின் புகைப்படங்கள் 1986இல் 'பிளாக் புக்' என்ற நூலாக வந்தன. கறுப்பு உடலைப் பார்வைப் பொருளாக்கி, துண்டு துண்டாக வெட்டி வைக்கிறார் என்று மெர்சர் அப்போது கடுமையாக எழுதினார். சில ஆண்டுகள் கழித்துத் தன் கட்டுரையைத் தானே திரும்பப் படித்து மறுபடி எழுதினார். தானும் ஆண்களை விரும்பும் ஆண், அந்தப் படங்களைப் பார்த்தபோது தன் கண்ணிலும் ஆசை இருந்தது, முதல் கட்டுரை அதை மறைத்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார். 1989இல் மேப்பிள்தோர்ப் எய்ட்ஸால் இறந்துபோனார். படங்களில் இருந்தவர்களிலும் சிலர் இறந்துவிட்டிருந்தார்கள். முதல் கட்டுரை தவறு என்று மெர்சர் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். விமர்சனத்தில் இத்தகைய நேர்மை அபூர்வம். ஒரு கிளப்பிடம் இதை எதிர்பார்க்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதை எதிர்பார்க்கத்தான் வேண்டும். வெள்ளை அறைக்குத் திரும்பிப் போகிறவனைத் துரோகி என்று அது அழைக்கத் தொடங்கினால் மீண்டும் ஒரே அறைதான் மிஞ்சும். அப்புறம் அங்கே சொல்லும் 'சரி'க்கும் அர்த்தமில்லை.

5

வாசல் இல்லாமல் அறை இல்லை. வாசல் இருந்தால் வெளியே நிற்பவனும் இருப்பான். வெளியே நிறுத்தப்பட்டவர்களே ஒரு வாசலைக் கட்டும்போது நமக்கு அசௌகரியமாக இருக்கிறது. எல்லோரும் ஒன்றாக இருக்கக் கூடாதா, ஏன் மேலும் மேலும் பிரிந்துகொண்டே போக வேண்டும் என்ற கேள்வி நல்ல மனதோடுதான் கேட்கப்படுகிறது. அதைப் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களே கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஆனால் அந்த அசௌகரியத்துக்குக் காரணம் உண்டு. சிகாகோவிலேயே அதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. தன்பாலீர்ப்புள்ளவர்களின் உரிமைக்காக அமெரிக்காவில் தோன்றிய முதல் அமைப்பு 1924 டிசம்பரில் அங்கே பதிவானது. ஹென்றி கெர்பர் என்ற ஜெர்மானியக் குடியேறி, அஞ்சலக ஊழியர், அதைத் தொடங்கினார். அதன் தலைவர் ஜான் கிரேவ்ஸ் என்ற கறுப்பினப் போதகர். ஓனிக்ஸ் தோன்றுவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, பிரிவினையின் உச்சத்தில், அந்த நகரத்தில் ஒரு கறுப்பர் இப்படிப்பட்ட அமைப்பின் தலைவராக இருந்திருக்கிறார் என்பது பலருக்கும் நினைவில்லை. அவர்கள் ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். இரண்டு இதழ் வந்தது. (இந்த எண்ணிக்கை நமக்கு அந்நியமானதல்ல.) அவர்களும் வாசலில் ஒரு விதி வைத்தார்கள்: ஆண்களை மட்டுமே விரும்புகிறவர்கள்தான் சேரலாம், இருபாலரையும் விரும்புகிறவர்களுக்கு இடமில்லை. அவர்களுடைய துணைத் தலைவரே மனைவி மக்களோடு வாழ்ந்துகொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது. விஷயம் மனைவி வழியாக வெளியே போய், 1925இல் போலீஸ் வந்தது. வழக்கு நிற்கவில்லை, ஆனால் கெர்பர் வேலையை இழந்தார், அமைப்பு அழிந்தது.

விதி வைத்ததால்தான் அழிந்தது என்று நீதி சொல்ல நான் வரவில்லை. அவர்களை அழித்தது போலீஸ். ஆனால் அந்த விதி இருந்ததனால் அந்த மனிதர் தன் கூட்டாளிகளிடமே பொய் சொல்ல வேண்டியிருந்தது. வெளியே எல்லோரிடமும் மறைத்து வாழ்ந்தவருக்கு, மறைக்கத் தேவையில்லாத ஒரே இடமாக இருந்திருக்க வேண்டிய அறையிலும் மறைக்க வேண்டியதாயிற்று.

ஓனிக்ஸ் தன் வாசலில் எழுதியது 'நிறத்தவர்' என்ற சொல்லை. விசித்திரமான சொல். வெள்ளைக்கு நிறமில்லை என்பதுபோல் பேசும் சொல். ஆனாலும் கறுப்பர் என்று மட்டும் எழுதியிருந்தால் நின்றுபோயிருக்கக்கூடிய லத்தீன் அமெரிக்கனும் ஆசியனும் அந்தச் சொல்லால் உள்ளே வர முடிந்தது. பின்னர் நாட்டின் மற்றப் பகுதிகளிலும் கிளைகள் ஏற்பட்டன. பெண்களுக்கென 'ஓனிக்ஸ் பேர்ல்ஸ்' என்று இன்னொரு அமைப்பும் தோன்றியது. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறை பிறப்பதைச் சிதறல் என்று வருத்தப்படுகிறவர்கள் வருத்தப்படலாம். எனக்கு அது அந்த முதல் அறை சரியாகத்தான் கட்டப்பட்டது என்பதற்கு அடையாளமாகத் தோன்றுகிறது.

ஆகவே, முதல் கேள்விக்கு என் பதில்: ஆகும், ஒரு நிபந்தனையோடு. அந்த கிளப் தன்னிடம் வருகிறவனுக்குப் புகலிடம் தந்ததோடு திருப்தியடைந்துவிடக் கூடாது. அவன் எழுந்து வெளியே போவதையும் அது தாங்கிக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை இரவு தன்னைப் போன்றவர்களோடு இருந்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை அவன் அதே பழைய வடக்குத் தெருவுக்குப் போகலாம். வாசலில் இரண்டு அட்டை கேட்டால் காட்டாமல் திரும்பி வந்துவிடலாம். உள்ளே போனால், யாரோ நீட்டுகிற சங்கிலியைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லலாம். சரி என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் இப்போது சொல்கிறவன் அவன்தான்.